சப்பாத்தும் சட்டமும்: வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

1873ஆம் ஆண்டு புதுச்சேரி நீதிமன்றத்துக்குள் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர் ஐரோப்பியச் சப்பாத்து அணிந்து வந்தார். நீதிபதிக்கு அது அவமரியாதையாகப் பட்டது. சுதேசிகள் காலணியை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே வருவதுதான் அதுவரை மாமூல். வழக்கறிஞர் வெளியேற்றப்பட்டார், தண்டனைக்கும் ஆளானார். வேறொருவராக இருந்திருந்தால் நாலு பெரிய மனிதர்களைப் பிடித்துச் சமாதானம் பேசியிருப்பார். இல்லையென்றால் மறுநாள் முதல் பேசாமல் வெறுங்காலோடு வந்திருப்பார். பொன்னுத்தம்பி பாரிஸுக்கு மேல்முறையீடு செய்தார். ஜெயித்தார்.

சிறுநகர வழக்கறிஞர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. சென்னை உயர் நீதிமன்றத்திலும் டெல்லியிலும் வாதாடியவர்களின் பெயர்கள் தீர்ப்புத் தொகுதிகளில் அச்சேறிவிடுகின்றன. உள்ளூர் நீதிமன்றத் தாழ்வாரத்தில் கட்சிக்காரரோடு காத்து நின்று, பத்திரங்களையும் பட்டாக்களையும் படித்துப் படித்தே கண் மங்கிப்போனவர்களைப் பற்றி எழுத ஆளில்லை. பொன்னுத்தம்பி அந்த வரிசையைச் சேர்ந்தவர். பிரெஞ்சு ஆட்சி அங்கீகரித்த உள்ளூர் வழக்குரைஞர்களில் ஒருவர். அவர் தன் ஊரை விட்டுப் போகவில்லை. தனக்கு நேர்ந்த ஒரு சிறுமையை எடுத்து அதைச் சட்டக் கேள்வியாக மாற்றினார். அந்தக் கேள்வியின் விளைவு இன்றைய இந்தியச் சட்டப் புத்தகத்திலும் இருக்கிறது.

அந்தக் காலத்துப் புதுச்சேரியைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம், சந்திரநாகூர் என்று நாலா திசையிலும் சிதறிக் கிடந்த ஐந்து துண்டுகளே பிரெஞ்சிந்தியா. புதுச்சேரி நகரத்தை வாய்க்கால் ஒன்று இரண்டாகப் பிரித்தது. கடலோரம் வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். 1848இல் பிரான்சில் குடியரசு வந்ததும் இங்கிருந்த இந்திய ஆண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. பின்னர் அது பறிபோயிற்று. 1871இல் மூன்றாம் குடியரசு திருப்பிக் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் எந்தத் தமிழனும் கனவிலும் காணாத உரிமை அது. லண்டன் பாராளுமன்றத்துக்கு யாரை அனுப்புவது என்று சென்னையில் எவரையும் கேட்டதில்லை. புதுச்சேரிக்காரர் பாரிஸ் பாராளுமன்றத்துக்குத் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அந்தப் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தை நடத்தும் மன்றத்துக்குள் காலில் சப்பாத்தோடு நுழையக் கூடாது.

இந்த முரண்பாட்டைக் கண்டவர்கள் பலர் இருந்திருப்பார்கள். அதை வழக்காக்கியவர் ஒருவர்தான்.

இதன் வேர் 1819இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் தேதி பிரெஞ்சுச் சிவில் சட்டம் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. அதே உத்தரவிலேயே இந்தியர்களுக்கு ஒரு வாக்குறுதியும் கொடுக்கப்பட்டது: இந்துக்களும் முகம்மதியரும் கிறிஸ்தவர்களும் அவரவர் சட்டப்படியும், சாதி வழக்கப்படியும் நியாயம் பெறுவார்கள். அன்று அது பெருந்தன்மையாகவே தெரிந்தது. சாதி வழக்கம் எது என்று சொல்ல உள்ளூர்ப் பெரியவர்களைக் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றையும் 1827இல் அரசு அமைத்தது. திருமணம், தத்து, பாகப்பிரிவினை எல்லாவற்றிலும் சாதியின் மாமூல்தான் சட்டம். மாமூலைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் அரசு, மேல்சாதிக்குச் சாதகமான மாமூலையும், கீழே நின்றவனைக் கீழேயே நிறுத்தும் மாமூலையும் சேர்த்தேதான் காப்பாற்றும். சப்பாத்து விஷயத்திலும் நீதிபதி கையில் எடுத்தது சட்டத்தை அல்ல, வழக்கத்தை.

காலணி என்பது தமிழ்நாட்டில் என்றுமே வெறும் தோலாக இருந்ததில்லை. யார் செருப்பணிந்து எந்தத் தெருவில் நடக்கலாம், யார் குடை பிடிக்கலாம், எவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பல்லக்கு வரலாம் என்பதற்காக வலங்கை, இடங்கைச் சாதிகள் நூற்றாண்டுக் கணக்கில் அடித்துக்கொண்டன. கோயிலில் செருப்பைக் கழற்றுவது பக்தி. ஆண்டையின் முன்னால் கழற்றுவது அடிமைத்தனம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால்தான் ஆள்பவர்களுக்கு வசதியாகப் போயிற்று. 'உங்கள் மரியாதையைத்தானே கேட்கிறோம்' என்று அவர்களால் சொல்ல முடிந்தது. ஐரோப்பியன் மரியாதைக்குத் தொப்பியை எடுப்பான், சப்பாத்தைத் தொடமாட்டான். ஐரோப்பியச் சப்பாத்து அணிந்த தமிழனிடம் மட்டும் கீழ்ப்பணிவின் அடையாளமான வெறுங்காலைக் கேட்பது எந்த மரியாதையின்படி?

இந்தக் கேள்வி புதுச்சேரியோடு நிற்கவில்லை. பிரிட்டிஷ் அரசு 1854இல் ஒரு தீர்மானம் போட்டது. ஐரோப்பியச் சப்பாத்து அணியும் இந்தியக் கனவான்கள் அரசு வைபவங்களுக்கு அப்படியே வரலாம் என்றது அது. ஆனால் நீதிமன்றங்களில் பழைய முறைதான் தொடர்ந்தது. 1862இல் சூரத் நகர நீதிமன்றத்தில் மானெக்ஜி கவாஸ்ஜி எண்ட்டீ என்ற பார்சி சப்பாத்தைக் கழற்ற மறுத்தார். நீதிமன்றத்துக்கு உதவ மதிப்பீட்டாளராக அழைக்கப்பட்டவர் அவர். அந்தச் சர்ச்சை அரசு வரை போயிற்று. நீதிமன்றங்களையும் சேர்த்து பிரிட்டிஷ் இந்திய அரசு விதியைத் தளர்த்தியது 1874இல்தான். பொன்னுத்தம்பி தன் வழக்கைக் கிளப்பியது அதற்கு ஓராண்டு முன்பு. ஆங்கில ஆட்சியில் இது அதிகாரிகள் தம் தயவில் கொடுத்த சலுகையாகவே முடிந்தது. புதுச்சேரியில் அதை ஒரு வழக்கறிஞர் நீதிமன்றத்தின் வழியாகவே வாங்கினார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. சலுகையைக் கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கறிஞராக அவருடைய திறமை எங்கே வெளிப்பட்டது என்று பார்த்தால், எந்த மேடையைத் தேர்ந்தெடுத்தார் என்பதில்தான். பாரிஸின் கசாசியோன் நீதிமன்றம் நடந்தது என்ன என்று மறுபடி விசாரிக்காது, சாட்சிகளை அழைக்காது. கீழ்மன்றம் சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தியதா என்ற ஒரே கேள்வியைத்தான் கேட்கும். புதுச்சேரியில் அவர் எதிர்த்து நின்றது நீதிபதியின் மனக்குறையை. அவமதிக்கப்பட்டதாகச் சொன்னவரும் தண்டனை கொடுத்தவரும் ஒருவரே. அங்கே வாதாடி ஜெயிக்க முடியாது. பாரிஸில் அந்த மனக்குறைக்கு இடமே இல்லை. பிரெஞ்சுச் சட்டத்தில் எந்த விதி ஒரு வழக்குரைஞரைச் சப்பாத்தோடு வரக் கூடாது என்கிறது? அதைக் காட்ட வேண்டியது கீழ்மன்றத்தின் பாடு. வழக்கைப் பன்னிரண்டு வாதங்களோடு பெருக்காமல் இந்த ஒரு முடிச்சில் கொண்டுபோய் நிறுத்தியது சிறந்த வழக்குரைஞர் செய்யும் வேலை.

பாரிஸில் அவருக்காக நின்றவர் ஜூல் கோதேன், கசாசியோன் நீதிமன்றத்தில் தொழில் செய்த இளம் வழக்கறிஞர். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்துவிட்டிருந்ததால் கப்பலில் கட்டுக்கள் போய்ச் சேர முன்பளவு காலம் ஆகவில்லை. ஆனாலும் ஒரு சிறுநகர வழக்கறிஞருக்குப் பாரிஸ் வழக்கின் செலவு என்ன பாரம் என்பதைத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தீர்ப்பு பொன்னுத்தம்பிக்குச் சாதகமாக வந்தது. புதுச்சேரியில் விதித்த தண்டனை நிலைக்கவில்லை. கோதேனுக்கும் பலன் கிடைத்தது. 1876இல் பிரெஞ்சிந்தியா அவரையே தன் பாராளுமன்றப் பிரதிநிதியாகத் தேர்ந்தெடுத்தது. 1881 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், பிற்பாடு 1891 முதல் செனட்டராகவும் இருந்தார்.

உள்ளூர் அதிகாரத்தின் அநீதிக்குப் பாரிஸில் பரிகாரம் தேடுவது புதுச்சேரிக்குப் புதிதும் அல்ல. பிரெஞ்சுக் கம்பெனியின் தரகராக இருந்த நைனியப்பப் பிள்ளையை 1716இல் கவர்னர் எபேர் சிறையில் தள்ளினார். கடைத்தெருவில் கசையடி, சொத்துப் பறிமுதல். 1717இல் அவர் சிறையிலேயே இறந்துபோனார். அவருடைய மகன் குருவப்பா பிரான்சுக்கே போய் நியாயம் கேட்டார். தீர்ப்பு மாற்றப்பட்டது, தந்தையின் பெயர் மீண்டது. நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை இந்தக் குடும்பத்துக்கு நெருங்கிய உறவு. பொன்னுத்தம்பியின் வழக்குக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய கதை இது. ஒரு வேறுபாடு உண்டு. நைனியப்பரின் வழக்கு ஒரு குடும்பத்தின் மானத்தோடு முடிந்தது. பொன்னுத்தம்பி ஜெயித்த பிறகு ஓயவில்லை.

சப்பாத்து வழக்கு அவருக்கு ஒன்றைக் காட்டிக் கொடுத்திருந்தது. காலணியைக் கழற்றச் சொன்னது ஒரு நீதிபதியின் கோபமாக இருந்தாலும், அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம் இந்தியனுக்கு வேறு சட்டம் என்ற ஏற்பாடு. அந்த ஏற்பாட்டிலிருந்து வெளியேற விரும்புகிறவனுக்கு வழி வேண்டும். தன் சாதியின் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வர ஒருவனுக்கு உரிமை வேண்டும் என்று அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் போராடினார்கள். 1881 செப்டம்பர் 21ஆம் தேதி பாரிஸ் அரசாணை அந்த வழியைத் திறந்தது.

ஆணையின் வாசகத்தில் ஒரு துணிச்சல் இருக்கிறது. ஆண் பெண் இருபாலரும், எந்தச் சாதி எந்த மதமானாலும், 21 வயது நிரம்பியிருந்தால் துறக்கலாம். ஒருமுறை துறந்தால் மீட்சியில்லை. கணவன் துறந்தால் மனைவியும் மைனர் பிள்ளைகளும் சேர்ந்தே பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள். துறக்கிறவர் பதிவு அதிகாரி போன்ற ஒருவர் முன்னால் போய் நின்று பெயர், வயது, தொழில் சொல்ல வேண்டும். பிறகு அதுவரை எந்தத் தமிழனிடமும் யாரும் கேட்டிராத ஒன்றைச் சொல்ல வேண்டும்: தனக்கும் தன் சந்ததிக்கும் இனி என்ன குடும்பப் பெயர்? தகப்பன் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு வாழ்ந்த மக்கள் அவர்கள். தலைமுறை தலைமுறையாக வரப்போகும் ஒரு பெயரை அந்த இடத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். பலர் பிரெஞ்சுக் கிறிஸ்தவப் பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். பொன்னுத்தம்பி எடுத்தது லபோர்த். வாசற்கதவு என்று பொருள். அதன்பின் அவர் லபோர்த் பொன்னுத்தம்பி. நகரில் லபோர்த் வீதி என்று ஒரு தெருவும் உண்டு.

கதவு திறந்ததும் யார் வந்தார்கள்? பெரும்பாலும் கிறிஸ்தவர்களும், சாதி அடுக்கின் அடியில் தள்ளப்பட்டவர்களும். மேல்சாதி இந்துக்கள் பொதுவாக ஒதுங்கி நின்றார்கள். அவர்களுடைய தலைவர் சண்முக வேலாயுத முதலியார் மாமூலைக் காக்கும் அணியின் தளபதி. அவருடைய அச்சத்தை வெறும் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. பிரெஞ்சுச் சிவில் சட்டப்படி அந்தக் காலத்தில் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது, வயது வந்தவரைத்தான் எடுக்கலாம். கொள்ளி போட ஒரு பிள்ளை வேண்டும் என்று நினைக்கிற குடும்பத்துக்கு அது பெரிய இழப்பு. ஆனால் இழப்பதற்கு மாமூலில் ஏதாவது இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கவலை. 1745இல் புதுச்சேரியின் சம்பா கோயில் என்ற தேவாலயத்தில் பறையர்களையும் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களையும் பிரித்து நின்ற சுவர் குருமாரின் உத்தரவால் இடிக்கப்பட்டதையும், சாதிக் கிறிஸ்தவர்கள் அதற்காகக் கொதித்ததையும் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிவைத்திருக்கிறார். ஞானஸ்நானம் பெற்றும் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றவர்களின் வாரிசுகளுக்கு, சாதிப் பெயர் இல்லாத ஒரு பதிவேட்டில் தம் பெயர் ஏறுவது என்னவாக இருந்திருக்கும்?

துறப்பைப் பற்றிய பேச்சுகளில் வாக்குரிமையும் உத்தியோகமும் அடிபடும் அளவுக்குப் பெண்களின் பங்கு அடிபடுவதில்லை. பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் வாரிசுரிமையில் மகனுக்கும் மகளுக்கும் சமப் பங்கு. துறந்த குடும்பத்து மகளுக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே அது கிடைத்துவிட்டது. தமிழ்நாட்டில் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை 1989இல் வந்தது, இந்தியா முழுவதும் 2005இல். மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: அன்றைய பிரெஞ்சுச் சட்டத்தில் மணமான பெண் கணவன் அனுமதியின்றித் தன் சொத்தை விற்கக்கூட முடியாது. தாய்மார்கள் பலர் கணவனின் ஒரு கையெழுத்தில் தம்மைக் கேட்காமலே வேறு சட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். பொன்னுத்தம்பி திறந்த கதவு அகலமானதல்ல. இருந்தாலும் அவர்களுடைய மகள்கள் அதன் வழியாகச் சொத்தோடு வந்தார்கள்.

அரசியலில் துறந்தவர்கள் ஏமாற்றத்தையே கண்டார்கள். 1884இல் வாக்காளர்களை மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள்: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். துறந்தால் பிரெஞ்சுக்காரனுக்குச் சமம் என்று நம்பி வந்தவர்களுக்கு நடுப்பட்டியல். 1899இல் அதையும் எடுத்துவிட்டார்கள். கடுமையான நிபந்தனைகளுக்குப் பொருந்திய ஒரு சிலர் ஐரோப்பியர் பட்டியலில் ஏறினார்கள், மற்றவர்கள் இந்தியர் பட்டியலுக்கே திரும்பினார்கள். ஒரே பட்டியல் வர 1945 ஆயிற்று. பலன் வேறு திசையில், கடல் கடந்து வந்தது. துறந்தவர்கள் பிரெஞ்சு இந்தோசீனாவுக்குக் கிளம்பினார்கள். சைகோனில் வரி வசூல், போலீஸ், குமாஸ்தா வேலை. அங்கே அவர்கள் பிரெஞ்சுக் குடிகளாக வாக்களித்தார்கள், சம்பளமும் அந்தஸ்தும் கேட்டார்கள். காரைக்காலிலும் புதுச்சேரியிலும் சைகோன் பணத்தில் எழுந்த வீடுகள் எத்தனையோ.

1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றது ஒப்பந்தம். அதே ஆண்டு நவம்பர் 6 முதல் புதுச்சேரி சென்னை உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் வந்தது. பாரிஸ் கதவு மூடிக்கொண்டது. ஆனால் இந்து திருமணச் சட்டத்தையும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தையும் புதுச்சேரிக்கு விரித்தபோது இரண்டிலும் ஓர் உட்பிரிவைச் சேர்க்க வேண்டியிருந்தது. இந்தச் சட்டத்தில் உள்ள எதுவும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தின் ரெனோன்சான்களுக்கு, அதாவது துறந்தவர்களுக்கு, பொருந்தாது என்கிறது அந்த 2(2ஏ). மதுரையிலோ கோயம்புத்தூரிலோ தொழில் செய்கிற வழக்கறிஞர் இதைப் புரட்டிக்கொண்டு போய்விடலாம். புதுச்சேரியில் பாகப் பிரிவினை வழக்கு எடுக்கிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தாத்தா துறந்தவரா என்பதுதான். ஆம் என்றால், பதிவேட்டில் 140 ஆண்டுக்கு முந்தைய ஒரு பக்கத்தைத் தேட வேண்டும்.

உடையைப் பற்றிய சண்டையை இவ்வளவு தூரம் இழுக்க வேண்டுமா என்று கேட்பவர்கள் அன்றும் இருந்தார்கள். 1893இல் டர்பன் நீதிமன்றத்தில் தலைப்பாகையை எடுக்கச் சொன்னபோது காந்தி எடுக்காமல் வெளியேறினார். மறு ஆண்டு நேட்டால் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சொன்னதும் எடுத்துவிட்டார். பெரிய போர்களுக்காகத் தன் வலிமையைச் சேமிப்பதாக விளக்கினார். அவருக்கு அது சரி. பொன்னுத்தம்பிக்குச் சப்பாத்தேதான் பெரிய போர். அதில் விட்டுக் கொடுத்திருந்தால் அடுத்ததைக் கேட்கும் தகுதியே கிடைத்திருக்காது. சேலம் விஜயராகவாச்சாரியாரின் போக்கும் இப்படிப்பட்டதுதான். 1882 சேலம் கலவர வழக்கில் பத்தாண்டு தண்டனை பெற்றவர் உயர் நீதிமன்றம்வரை போய் விடுதலையானார். அத்தோடு நிறுத்தாமல், பறிபோன நகராட்சி உறுப்பினர் பதவியையும் வாங்கி, 100 ரூபாய் நஷ்ட ஈடும் வாங்கினார். இருவருமே சிறுநகரத்தை விட்டு அசையாமல் அதிகாரத்தைச் சட்டத்தின் முன் இழுத்து நிறுத்தியவர்கள்.

புதுச்சேரிச் சட்ட மாணவர்களுக்கு விஜயராகவாச்சாரியாரைத் தெரிந்திருக்கிறது, காந்தியைத் தெரியாதவர் இல்லை. பொன்னுத்தம்பியின் வழக்கு பிரெஞ்சில் கிடக்கிறது. பாரிஸ் தீர்ப்பையும் 1881 அரசாணையையும், துறப்புப் பதிவேடுகளில் சில பக்கங்களையும் தமிழில் மொழிபெயர்த்து ஒரே தொகுப்பாக அச்சிட்டால் நூறு பக்கத்துக்கு மேல் வராது. பிரெஞ்சும் தமிழும் சட்டமும் மூன்றும் அறிந்த மூத்த வழக்கறிஞர்கள் இந்நகரில் இன்னும் இருக்கிறார்கள், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். இந்த அறக்கட்டளையின் நிதியிலிருந்து முதலில் செலவிட வேண்டியது அந்தத் தொகுப்புக்குத்தான். அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அது சட்டக் கல்லூரி நூலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.